மிலிட்டரி லாரியும் ஓட்டுநரின் காதும்



மண்ணைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். விதை, மாடு, பஞ்சகவ்யம், மூடாக்கு எல்லாவற்றையும் பற்றிப் பேசியாயிற்று. விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டியைப் பற்றியும், அதை ஓட்டுகிறவரைப் பற்றியும் நாம் பேசினது குறைவு. விஷம் இல்லாமல் விளைவித்த கீரையை எந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறோம்? அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நாலு மணி நேரம் ஓட்டுகிற மனுஷனுக்கு என்ன ஆகிறது? இந்த இரண்டு கேள்வியைத்தான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பக்கம் எங்கள் உழவர் குழு இருக்கிறது. மலைவாழை, சௌசௌ, பீன்ஸ், மிளகு, வெண்ணெய்ப்பழம் என்று பலதும் விளைகிறது. மழைக்காலத்தில் தோட்டத்துச் சாலையில் சாதாரண மினி லாரி ஏறாது. அதனால் சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் போன ஒரு மிலிட்டரி லாரியைக் குழு வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. சேற்றில் யானை மாதிரி நிற்கும். ஆனால் கேபினுக்குள் உட்கார்ந்தால் பக்கத்து ஆளிடம் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும். மதியம் சமவெளிக்கு இறங்கினால் மேலே தகரம் கொதிக்கும், கீழே இன்ஜின் கொதிக்கும்.

பட்டறைக்குப் போனால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "உள்ளே கோட்டிங் அடிச்சிருங்க சார். சூடும் தெரியாது, சத்தமும் தெரியாது." ஒரே டப்பா, இரண்டு நோய்க்கும் மருந்து! யூரியா மூட்டையை விற்றவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். வங்கியில் முப்பது வருஷம் கடன் விண்ணப்பம் பார்த்தவன் நான். ஒரே முதலீட்டில் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று யாராவது எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படிப்பது பழக்கம். இந்தக் கோட்டிங்கையும் அப்படித்தான் படித்தேன்.

இந்த வண்டிகள் ஏன் இப்படிக் கத்துகின்றன?

இராணுவ வண்டி சொகுசுக்காகக் கட்டப்பட்டதில்லை. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரான சக்திமான் ஆகட்டும், பின்னால் வந்த அசோக் லேலண்டின் ஸ்டாலியன் ஆகட்டும், எண்ணம் ஒன்றுதான். காட்டிலும் மலையிலும் பழுதாகாமல் ஓடணும், பழுதானால் கையில் இருக்கிற ஸ்பேனரை வைத்துச் சரி செய்யணும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் சுத்தமாகணும். அதனால் உள்ளே வெறும் தகடு. மெத்தை, விரிப்பு, உள்ளுறை எதுவும் கிடையாது. சேற்றுக்கான பெரிய பட்டன் டயர், நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற கூடுதல் கியர்பெட்டி, இருபது வருஷம் இறுகிப்போன இன்ஜின் மவுண்ட் ரப்பர். எல்லாம் சேர்ந்து அந்த வெறும் தகட்டை ஒரு பறையாக்கி விடுகின்றன.

படைவீரர் அதில் சில வருஷம் ஓட்டிவிட்டு வேறு வேலைக்கு மாறலாம். நம் ஓட்டுநர் தம்பி வாரத்தில் ஐந்து நாள், ஆயுள் முழுக்க ஓட்டப்போகிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

காது ஒரு சேமிப்புக் கணக்கு

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். இந்தக் கணக்கு நம் கூட்டல் கழித்தல் மாதிரி இருக்காது. 3 டெசிபல் ஏறினால் காதுக்குள் போகிற ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிற வரம்பு. 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணிதான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை விடுகின்றன. லாரி கேபினும் டிராக்டர் இருக்கையும் தொழிற்சாலைக் கணக்கில் வருவதில்லை, அதனால் யாரும் அளப்பதும் இல்லை.

எங்கள் வண்டியில் கைபேசிச் செயலியை வைத்து அளந்தோம். அது துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் முன்னைக்கும் பின்னைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மலையேற்றத்தில் 90-ஐத் தாண்டி நின்றது. ஒரு நடைக்கு நாலு மணி நேரம். மேலே சொன்ன வரம்பு முதல் பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. மிச்சமெல்லாம் அசலில் இருந்து எடுக்கிற பணம்.

இந்த அசல் திரும்பி வராது. உள்காதில் இருக்கிற நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். பேரக்குழந்தையின் குரல் கேட்கும், சொல் புரியாது. ராத்திரி சிள்வண்டுச் சத்தம் நின்றுபோயிருக்கும், அது நின்றதே தெரியாது. சிலருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் வரும். உழவனுக்குக் காது ஒரு கருவி. மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறதா, மாடு எந்தக் குரலில் கத்துகிறது, குருவி ஏன் திடீரென்று அடங்கியது என்று காதால்தான் தெரிந்துகொள்கிறோம். "வயசானா கேக்காது, அதுக்கென்ன" என்று விட்டுவிடுகிறோம். பாதிக்கு மேல் வயசு காரணமே இல்லை என்று தோன்றும், நம் ஊர் டிராக்டர் ஓட்டுநர்களைப் பார்த்தால். நாற்பதில் இருப்பவர்களே "என்னண்ணே?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள்.

ஒரே டப்பாவில் மூன்று வேலை நடக்காது

இப்போது கோட்டிங்குக்கு வருவோம். தகட்டின் உள்பக்கம் செய்கிற வேலையில் மூன்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. ஒன்றின் பணத்தை இன்னொன்றில் வரவு வைக்கக்கூடாது.

முதல் கணக்கு, அதிர்வு. தகடு தானே அதிர்ந்து கத்துகிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று இழுத்தால் அந்தத் தகடு பாடுகிறது. "டொக்" என்று நின்றால் அடங்கியிருக்கிறது. அதிர்வை அடக்குகிற பூச்சு பசை மாதிரி நெகிழ்வானது, அதிர்வின் ஆற்றலைக் கொஞ்சம் சூடாக மாற்றித் தின்றுவிடும். இந்த வேலையைத் தடவுகிற அல்லது தெளிக்கிற கோட்டிங் நிஜமாகவே செய்யும். ஆனால் கனம் வேண்டும். தகட்டின் கனத்துக்குச் சமமாகவாவது, முடிந்தால் இரட்டிப்பாகவாவது இருக்கணும். பெயிண்ட் மாதிரி ஒரு கை அடித்துவிட்டு "முடிஞ்சது சார்" என்றால் காசுதான் முடிந்தது. அலுமினியத் தாள் ஒட்டின பியூட்டைல் ரப்பர் வில்லைகள் இதைவிடக் குறைந்த பொருளில் அதிக வேலை செய்கின்றன. அதையும் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டணும் என்பதில்லை. ஒவ்வொரு தகட்டின் நடுப்பகுதியில், பரப்பில் கால்வாசியில் இருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பகுதி அதிர்வு அடங்கும்.

இரண்டாவது கணக்கு, வெளிச்சத்தம். இன்ஜின், டயர், காற்று இதெல்லாம் உள்ளே வருவதைத் தடுக்கணும் என்றால் எடை வேண்டும், ஓட்டை இல்லாமல் இருக்கணும். சுவரின் எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பொது விதி. ஆனால் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும் எப்பேர்ப்பட்ட சுவரும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தொட்டியில் ஓட்டையை அடைக்காமல் மோட்டாரைப் பெரிசாக்கின கதைதான். பழைய மிலிட்டரி லாரியில் ஓட்டைக்கா பஞ்சம்? பெடல் இறங்குகிற துளை, கியர் தண்டைச் சுற்றிக் கிழிந்த ரப்பர், வயர்லெஸ் பெட்டியைக் கழற்றின இடத்துப் போல்ட் துளைகள், கதவைச் சுற்றிச் செத்துப்போன பீடிங்.

மூன்றாவது கணக்கு, சூடு. இங்கேதான் விற்பனைப் பேச்சு அதிகம். வெற்று மணிகள் கலந்த செராமிக் கோட்டிங் என்று சொல்வார்கள். சூடு ஒரு பொருளைத் தாண்டி வருவதை அந்தப் பொருளின் தன்மையும் கனமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அந்தக் கோட்டிங் நல்ல ஃபோமுக்குச் சமமான தன்மை உடையது என்றே ஒப்புக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் பூச்சு 25 மில்லிமீட்டர் ஃபோம் தாளில் இருபத்தைந்தில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். தகட்டை ஒட்டி அசையாமல் நிற்கிற காற்றுப்படலமே அதைவிட அதிகமாகத் தடுக்கும். வெள்ளைப் பூச்சு வெளியே, கூரையின் மேல் அடித்தால் அது வேறு. வெயிலையே திருப்பி அனுப்பிவிடும். உள்பக்கம் அடித்த பூச்சு எந்த வெயிலைத் திருப்பி அனுப்பும்?

எங்கள் குழு செய்த வரிசை

முதலில் வண்டியை வெள்ளை அடித்தோம். இராணுவ வாகனம் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை நிறம் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. எப்படியும் நிறம் மாற்றித்தான் ஆகணும். மாற்றுகிறபோது மறுபடி ஒரு கரும்பச்சையோ நீலமோ அடிப்பதில் என்ன லாபம்? கூரைக்கு வெள்ளையை விடச் சிக்கனமான சூட்டுத்தடுப்பு கிடையாது. நிற மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவது முக்கியம். சேசிஸ் எண் பொறித்த இடத்தின் மேல் பெயிண்டோ கோட்டிங்கோ படக்கூடாது, தகுதிச் சான்றுக்குப் போகிறபோது அந்த எண் தெரியணும்.

அடுத்தது சைலன்சர். புகைக்குழாயில் எங்கே கசிவு இருந்தாலும் அதை முடித்த பிறகுதான் கேபினை அடைக்கலாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. புகை உள்ளே வருகிற வண்டியை இறுக்கி அடைத்தால் சத்தம் குறையும், ஆபத்து கூடும்.

மூன்றாவதாக இன்ஜின் மவுண்ட் ரப்பர், கதவு பீடிங், பெடல் துளை, கியர் ரப்பர். இவை எல்லாமே உள்ளூர்க் கடையில் கிடைப்பவை. பிறகு தரையிலும் இன்ஜின் பக்கத்துத் தடுப்பிலும் கனமான ரப்பர் விரிப்பு, அதற்கடியில் பஞ்சு மாதிரியான மெத்தை அடுக்கு. மேலே கனம், கீழே மென்மை என்கிற இந்த ஜோடி வெளிச்சத்தத்துக்கு நன்றாக நிற்கிறது. இவ்வளவு வரைக்கும் கோட்டிங் டப்பா ஒன்றுகூடத் திறக்கவில்லை. செயலிக் கணக்கில் மொத்தம் குறைந்தது 7 டெசிபல். அதில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே வந்துவிட்டது.

கடைசியாகத்தான் கதவுத் தகட்டிலும் கூரையிலும் பின்சுவரிலும் அதிர்வு அடக்கும் வில்லைகள் ஒட்டினோம். கூரையில் அதற்கு மேல் நீர் உறிஞ்சாத மூடுதுளை ஃபோம், அதை மூடி ஒரு துணி உறை. 7 டெசிபல் என்பது கேட்கச் சின்ன எண். ஆற்றல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஓட்டுநர் தம்பி சொன்னது இதைவிட எளிது: "ஐயா, இப்ப வீட்டுக்குப் போனா டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்றாங்கன்னு யாரும் திட்டுறதில்ல."

தார் கலந்த கூரை ஒட்டுத்தாளை மலிவு என்று சிலர் வண்டிக்குள் ஒட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் அது இளகி வழியும், கேபின் முழுக்கத் தார் நாற்றம். அதைச் செய்யாதீர்கள்.

துருவும் நெருப்பும்

பூச்சுக்கு அடியில் ஈரம் மாட்டினால் தகடு உள்ளிருந்தே தின்னப்படும். பழைய துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் அடிப்பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே எதையும் ஒட்டணும். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும். கோட்டிங் அடிப்பவர் அவசரத்தில் அதையும் அடைத்துவிடுவார். அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் கதவு கூடையாகிவிடும். பிரேக் குழாய், டீசல் குழாய், மின்கம்பி இணைப்புகளையும் மூடக்கூடாது. பழுது வந்தால் கண்ணில் பட வேண்டிய இடங்கள் அவை.

இன்னொன்று நெருப்பு. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். ஒரு சின்னத் துண்டை வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி வைத்துப் பார்த்துவிட்டு, அது சடசடவென்று பற்றினால் அந்த ஃபோமே வேண்டாம். தீ தடுக்கும் தரச்சான்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் பக்கத்தில் எந்த ஃபோமும் வைக்கக்கூடாது.

ஸ்பிரே கன் பிடித்திருக்கிற தம்பி

நம் இயக்கத்தில் எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம், முகமூடி இல்லாமல் பூச்சிக்கொல்லி தெளிக்கிற கூலித் தொழிலாளியைப் பற்றி! அதே காட்சியைப் பெயிண்ட் பட்டறையில் பாருங்கள். இரட்டைக் கலவைப் பாலியூரித்தேன் பூச்சையும் தெளிக்கிற ஃபோமையும் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு அடிக்கிறார் இருபது வயசுப் பையன். அதில் இருக்கிற ஐசோசயனேட் என்கிற பொருள் தீராத ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. தூசிக்கான துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரித்துகள் வடிகட்டி உள்ள முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும், மூடின கேபினுக்குள் தெளிப்பதற்கு வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகமூடிதான் சரி.

பழைய பெயிண்டைத் தேய்ப்பதும் அப்படியே. பழைய வண்டிகளின் பூச்சில் ஈயமும் குரோமேட்டும் இருக்க வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்த 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான், வண்டிக்கு அல்ல. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், பட்டறைத் தரையில் விழும், மழையில் பக்கத்து வாய்க்காலுக்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கழிவை வழித்துத் தனியாகக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். பழைய சைலன்சரைச் சுற்றியிருக்கிற வெள்ளைக் கயிறும் பிரேக் லைனிங்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை ஊதவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம்.

முடிந்தவரை தண்ணீர் அடிப்படையிலான பூச்சையோ ஒட்டுகிற வில்லையையோ தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்தப் பையன்தான். நம் கீரையில் விஷம் இல்லை என்று சொல்லி, அதைக் கொண்டுபோகிற வண்டியில் ஒரு பிள்ளையின் நுரையீரலைக் கழித்தால் அந்த ஐந்தொகை தேறுமா?

சரக்குப் பெட்டி வேறு கதை

கேபினில் செய்ததைச் சரக்குப் பெட்டியிலும் செய்யணும் என்று பட்டறைக்காரர் சொல்வார். வேண்டாம். வாழைத்தாருக்குக் காது கிடையாது. பெட்டிக்குள் சத்தம் அடக்கும் கோட்டிங் வெறும் செலவு, அதோடு கெடுதலும்கூட. இந்தப் பூச்சுகளின் நெடி வாரக்கணக்கில் நிற்கும். வெண்ணெய், நெய், எண்ணெய் மாதிரி கொழுப்புள்ள பொருள்கள் நெடியை இழுத்துக்கொள்ளும். சில பூச்சுகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பூஞ்சைக்கொல்லியே கலந்திருப்பார்கள். பங்கேற்புச் சான்றிதழ் ஆகட்டும், ஏற்றுமதிச் சான்றிதழ் ஆகட்டும், பண்ணையில் காத்த தூய்மையைப் போக்குவரத்திலும் காக்கணும் என்பது அடிப்படை.

பெட்டிக்குத் தேவை சூட்டுத்தடுப்பும் காற்றோட்டமும். பறித்த காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. சூடு 10 பாகை ஏறினால் மூச்சு விடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அந்த அளவுக்கு ஆயுள் குறையும். மூச்சு விடுகிறபோது காயே சூட்டையும் வெளியே விடுகிறது. அதனால் நாலு பக்கமும் இறுக்கி அடைத்த தடுப்புப் பெட்டிக்குள் வெயிலில் கிடந்த பீன்ஸை ஏற்றினால், ஃபிளாஸ்கில் ஊற்றின காபி மாதிரி அது சூடாகவே இருக்கும். தடுப்பு என்பது குளிர்ச்சி கொடுக்கிற சாதனம் இல்லை. உள்ளே எந்த நிலையில் வைத்தோமோ அதை அப்படியே காக்கிற சாதனம். விடிகாலையில் பறித்து, நிழலில் ஆறவைத்து, குளிர்ந்த பிறகு ஏற்றுகிறவருக்கே அது பயன்படும்.

எங்கள் வண்டியில் பெட்டியின் கூரைக்கு மட்டும் மூடுதுளை ஃபோம் கொடுத்து, கழுவக்கூடிய அலுமினியத் தகட்டால் மூடினோம். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி, காற்று இடைவெளியோடு இருக்கும்படி வைக்கணும். இரண்டு பக்கமும் ஏதாவது பொருளோடு ஒட்டிவிட்டால் பளபளப்பு எந்த வேலையும் செய்யாது. பக்கங்களில் மூங்கில் பட்டியல், தகட்டுக்கும் சரக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி. முன்னால் கீழே ஒரு காற்றுவழி, பின்னால் மேலே ஒன்று. சமவெளியின் வறண்ட காற்றில் முன்வழியில் நனைத்த கோணி கட்டினால் நன்றாகக் குளிர்கிறது. கடலோரப் புழுக்கத்தில் அது எடுபடாது.

தென்னை நாரைப் பற்றியும் கேட்பீர்கள். ரப்பர் கலந்த தென்னை நார் மெத்தை நம் பக்கமே தயாராகிற பொருள். வண்டி இருக்கைகளில் நெடுநாளாகப் புழங்குகிறது. உள்ளே எதிரொலிக்கிற சத்தத்தை அது உறிஞ்சும், கேபினின் பின்சுவருக்கு நல்லது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தகட்டோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டத்தில் பொருத்துங்கள், கழற்றி வெயிலில் காயவைக்கிற மாதிரி இருக்கட்டும்.

"லாரிக்கு எதுக்கு இந்த ஆடம்பரம்?"

குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். பொதுப்பணம் செலவாகிறபோது யாராவது கேட்கணும். சத்தம் குறைந்தால் ஓட்டுநர் தூங்கிவிடுவார் என்றார் ஒருவர். பின்னால் வருகிற ஹாரன் கேட்காது என்றார் இன்னொருவர். இடைவிடாத உறுமலும் சூடும்தான் மனுஷனை அசத்தித் தூங்கவைக்கின்றன. உள்ளே உறுமல் அடங்கினால் ஹாரன் தனியாகத் தெரியும், இன்ஜினில் புதுசாக ஒரு சத்தம் வந்தாலும் தெரியும்.

2025 முதல் தயாராகும் புதிய லாரிகளில் குளிரூட்டிய கேபின் கட்டாயம் என்று அரசே விதி வைத்துவிட்டது. ஓட்டுநரின் உடம்பும் ஒரு செலவுக் கணக்கு என்று அங்கே ஒப்புக்கொண்டாயிற்று. பழைய வண்டிக்கு அந்த விதி பொருந்தாது. பழைய வண்டியை ஓட்டுகிறவரின் காது மட்டும் வேறு தோலால் செய்ததா? வண்டிக்குத் தேய்மானம் எழுதுகிறோம், வருஷா வருஷம். ஓட்டுநரின் தேய்மானத்தை எந்தப் பேரேட்டில் எழுதுகிறோம்? எழுதாத செலவு இல்லாத செலவு ஆகிவிடாது. அதை அவர் வீட்டுக் கணக்கில் தள்ளிவிடுகிறோம், அவ்வளவுதான். இரசாயன விவசாயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் செய்ததும் இதே கணக்கு மோசடி என்றுதானே நாம் இயக்கமாகத் திரண்டோம்?

இனி ஏலத்தில் மிலிட்டரி வண்டி எடுக்க நினைக்கும் குழுக்களுக்கு ஒரு எச்சரிக்கை. 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகள் உடைப்புக்கே போகவேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி நடப்பில் இருக்கிறது, படை நடவடிக்கைக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே பதிவு கிடைக்குமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள். பதிவாகாத வண்டி தோட்டத்தில் நிற்கிற இரும்பு மட்டுமே.

மிலிட்டரி லாரி இல்லாத குழுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. டிராக்டர், பவர் டில்லர், களைவெட்டி, கதிரடிக்கும் இயந்திரம் எதுவானாலும் ஓட்டுகிறவர் காதுக்கு அருகில் 90 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அவற்றுக்குக் கேபினே கிடையாது, கோட்டிங் அடிக்க இடமும் இல்லை. காதடைப்பான் ஒரு ஜோடி போதும், நாலு தேநீர் விலை. ஒவ்வொரு உழவர் குழுவும் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடலாம். வண்டி, டிராக்டர் ஓட்டுகிற எல்லாருக்கும் காதடைப்பான் குழுச் செலவில். வருஷத்துக்கு ஒரு தடவை அரசு மருத்துவமனையில் காதுப் பரிசோதனை. வண்டி வாங்குகிற, பழுது பார்க்கிற எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் கேபினுக்கு என்று ஒரு தனி வரி. அந்த வரியில் முதலில் பீடிங்கும் சைலன்சரும், அப்புறம் விரிப்பு, கடைசியில்தான் கோட்டிங்.

கடன் விண்ணப்பத்தில் அந்த வரியை எழுதித் தாருங்கள். "இது எதுக்கு சார்?" என்று மேலாளர் கேட்பார். வண்டி ஓட்டுகிறவருக்குக் காது கேட்பதற்கு என்று பதில் சொல்லுங்கள்.